எங்கள் பக்கத்து இரணியன்

செட்டிநாட்டில் நகரத்தார் வீடுகளில் கல்யாணப் பேச்சு எடுத்தால் முதல் கேள்வி, "நீங்க எந்தக் கோவில்?" என்பதுதான். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, பிள்ளையார்பட்டி, இரணியூர் என்ற ஒன்பதில் ஒன்றைப் பதிலாகச் சொல்ல வேண்டும். ஒரே கோவிலுக்குள் பெண் எடுப்பதில்லை. இரணியூரும் பிள்ளையார்பட்டியும் அண்ணன் தம்பி முறை என்பதால் அந்த இரண்டுக்குள்ளும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. "நாங்க இரணியூர்" என்று ஒருவர் சொல்லும்போது, பிரகலாதனைப் பெற்ற அசுரனின் பெயர் அவர் வாயில் வந்து போகிறது. யாரும் அதைக் கவனிப்பதில்லை.

கவனிக்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பதிவு. இரணியனைப் பற்றி நம் வீடுகளில் தெரிந்த கதை மிகச் சின்னது: தவம் இருந்தான், வரம் வாங்கினான், பிள்ளையைக் கொடுமைப்படுத்தினான், தூணில் இருந்து சிங்கம் வந்து கிழித்தது. புராணங்களிலும் பாசுரங்களிலும் கம்பனிலும் இருக்கும் இரணியன் இதைவிடப் பல மடங்கு பெரிய ஆள். அவனை அப்படிப் பெரிதாகவே வைத்திருக்கும் மூன்று ஊர்கள் சிவகங்கை மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன: இரணியூர், திருக்கோட்டியூர், நாட்டரசன்கோட்டை.

இரணியூர் கீழச்சிவல்பட்டிப் பக்கம். சுவாமி ஆட்கொண்டநாதர், அம்பாள் சிவபுரந்தேவி. தலவரலாறு இதுதான்: இரணியனைக் கொன்ற பிறகு நரசிம்மரை அந்தக் கொலையின் தோஷம் பிடித்துக்கொண்டது. இங்கே வந்து சிவனை வழிபட்டுத்தான் அது நீங்கியது. அதனால் சுவாமிக்கு நரசிம்மேசுவரர் என்ற பெயரும் உண்டு. அசுரனைக் கொன்றதற்குப் பெருமாளுக்கே தோஷமா என்று கேட்டால், பதில் இரணியனின் பிறப்பில் இருக்கிறது. அவன் காசியப முனிவருக்கும் திதிக்கும் பிறந்தவன், ரிஷி புத்திரன். இராவணனைக் கொன்ற இராமன் இராமேசுவரத்தில் லிங்கம் வைத்து வழிபட்டதும் இதே கணக்குத்தான். கொல்லப்பட்டவன் சாதாரண ஆள் என்றால் கொன்றவருக்குப் பரிகாரம் தேவைப்படாது. கும்பகோணத்தை அடுத்த திருபுவனத்தில் நரசிம்மரின் கோபத்தை அடக்கச் சிவன், சிங்கமும் பறவையும் கலந்த சரபமாக வந்தார் என்பது கதை. இரணியூரில் சண்டை ஏதும் இல்லை. நகத்தில் ரத்தம் காய்வதற்கு முன்பே நரசிம்மர் கைகூப்பி வருகிறார். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு அந்தக் கருங்கல் மண்டபத்தில் நின்று பார்த்தால் ஊரின் பெயருக்குக் கனம் கூடும்.

அவன் பெயரின் கதையும் பலருக்குத் தெரியாது. 'இரணியம்' என்றால் பொன், 'கசிபு' என்றால் விரிப்பு, இருக்கை. காசியபர் யாகம் செய்தபோது வேதம் ஓதும் புரோகிதருக்கென்று பொன்னால் ஓர் ஆசனம் போட்டிருந்தார்கள். திதியின் வயிற்றில் இருந்து வெளிவந்த குழந்தை நேரே போய் அதில் உட்கார்ந்துகொண்டது. அதனால் இரணியகசிபு என்று வாயு புராணம் சொல்கிறது. பிறந்த நொடியிலேயே வேறொருவருக்கு வைத்த பீடத்தில் ஏறிய பிள்ளை. பின்னால் மூவுலகத்துக்கும் அவன் செய்யப் போவது இதைத்தான். கம்பன் அவனைக் 'கனகன்' என்று அழைப்பதும் இந்தப் பொன்னை வைத்தே.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு குழப்பத்தைச் சொல்லிவிட வேண்டும். வராகத்தின் கொம்பில் மாண்டவன் இரணியாட்சன்; நரசிம்மத்தின் மடியில் மாண்டவன் இரணியகசிபு. இருவரும் இரட்டைப் பிள்ளைகள். யார் மூத்தவர் என்பதில் நூல்கள் முரண்படுவதாகத் தோன்றுவதற்கும் பாகவதத்திலேயே விளக்கம் இருக்கிறது. கருவில் முதலில் உருவானவன் இரணியகசிபு, வயிற்றில் இருந்து முதலில் வெளியே வந்தவன் இரணியாட்சன். எதை முதல் என்று எண்ணுகிறோமோ அதைப் பொறுத்து அண்ணன் தம்பி மாறும்.

இப்போது நான் மிக முக்கியமானதாக நினைக்கும் இடம்: பாகவதம் ஏழாம் ஸ்கந்தம், இரண்டாம் அத்தியாயம். பிரகலாதன் கதை சொல்கிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும் அத்தியாயம் இது. இரணியாட்சன் செத்துக் கிடக்கிறான். தாய் திதி அழுகிறாள், தம்பி மனைவி அழுகிறாள், தகப்பனில்லாத பிள்ளைகள் நிற்கிறார்கள். சகுனி, சம்பரன் என்று தொடங்கி அந்தப் பிள்ளைகளின் பெயரெல்லாம் அங்கே வருகிறது. இரணியன் ஈமக்கடனைச் செய்துவிட்டு, அவர்கள் நடுவில் உட்கார்ந்து ஆறுதல் சொல்கிறான். என்ன சொல்கிறான் தெரியுமா? தண்ணீர்ப் பந்தலில் வழிப்போக்கர் கூடிப் பிரிவது போலத்தான் உறவெல்லாம். ஆத்மாவுக்குச் சாவில்லை, தேய்வில்லை; உடம்பை 'நான்' என்று நினைப்பதால்தான் அழுகை வருகிறது. பேர் போடாமல் படித்துக் காட்டினால் யாரோ ஆசாரியர் சொன்னது என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

அதோடு நிற்காமல் ஒரு கதையும் சொல்கிறான். உசீநர நாட்டில் சுயக்ஞன் என்று ஓர் அரசன் போரில் செத்துவிட்டான். மனைவிமார் பிணத்தைக் கட்டிக்கொண்டு எரிக்க விடவில்லை. பொழுது சாய்ந்துவிட்டது. யமனே ஒரு சின்னப் பையனாக அங்கே வந்து பேசுகிறான்: "பெற்றவர்கள் எங்களைக் கைவிட்டுவிட்டார்கள்; இருந்தும் ஓநாய் எங்களைத் தின்னவில்லை. கருவில் காத்தவன் இப்போதும் காக்கிறான்." பிறகு ஒரு குருவி ஜோடியைப் பற்றிச் சொல்கிறான். வேடன் வலையில் பெட்டை மாட்டிக்கொண்டது. கூட்டில் இறகு முளைக்காத குஞ்சுகள் இருக்கின்றன. ஆண் குருவி அதையே நினைத்து அழுதுகொண்டு இருக்கும்போது, மறைந்து நின்ற அதே வேடன் அதையும் அம்பால் அடித்தான். உங்கள் சாவு வருவதைப் பார்க்காமல் இவனுக்காக நூறு வருஷம் அழுதாலும் இவன் வரமாட்டான் என்று முடிக்கிறான் பையன். இதைக் கேட்டு திதி அழுகையை நிறுத்தினாள் என்று அத்தியாயம் முடிகிறது.

ஆனால் அதே அத்தியாயத்தின் தொடக்கத்தில் இரணியன் சபையில் என்ன பேசினான் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சூலத்தால் விஷ்ணுவின் கழுத்தை அறுத்து, அந்த ரத்தத்தால் என் தம்பிக்குத் தர்ப்பணம் விடுவேன் என்கிறான். யாகம் செய்கிற ஊர்களை எரிக்கச் சொல்லி ஆட்களை அனுப்புகிறான். ஊரும் தோப்பும் ஆசிரமமும் எரிகின்றன. அடுத்தவர் துக்கத்தைத் தீர்க்கத் தெரிந்தவனுக்குத் தன் துக்கத்தைத் தீர்க்கத் தெரியவில்லை. அவன் கொடுமை அத்தனைக்கும் கீழே கிடப்பது தம்பியைப் பறிகொடுத்த ஆங்காரம். இது தெரிந்த பிறகு படித்தால், மகன் வாயில் அந்தப் பகைவனின் பெயர் வரும்போது இரணியனுக்கு என்ன ஆகும் என்பது வேறு மாதிரிப் புரியும்.

தவமும் அப்படித்தான். மந்தர மலைச் சரிவில், கால் பெருவிரலை ஊன்றி, கையைத் தூக்கி, வானத்தைப் பார்த்து நின்றான். தேவ கணக்கில் நூறு வருஷம். புற்று மூடிக்கொண்டது, புல்லும் மூங்கிலும் முளைத்தன, எறும்பு தோல், சதை, ரத்தம் எல்லாவற்றையும் தின்றுவிட்டது. உயிர் எலும்பில் மட்டும் தங்கி இருந்தது. பிரம்மா வந்து தேடிக் கண்டுபிடித்துக் கமண்டலத் தண்ணீரைத் தெளித்தார். உருக்கிய பொன் போல எழுந்து வந்தான். இவன் இப்படித் தவத்தில் இருந்த காலத்தில்தான் இந்திரன் இவன் ஊரைக் கொள்ளையிட்டு, கர்ப்பிணியான மனைவி கயாதுவை இழுத்துக்கொண்டு போனான். நாரதர் தடுத்துக் காப்பாற்றித் தன் ஆசிரமத்தில் வைத்துக்கொண்டார். பிரகலாதன் கருவிலேயே உபதேசம் கேட்டது அங்கேதான். தமிழ்க் கதாகாலட்சேபங்களில் லீலாவதி என்று வரும் அந்த அம்மாளுக்குப் பாகவதத்தில் பெயர் கயாது. இந்திரன் செய்ததைச் சொல்லாமல் இரணியன் தேவர்களை வதைத்ததை மட்டும் சொன்னால் கதையில் பாதி போய்விடுகிறது.

வரத்தைப் பற்றி ஒரு விஷயம். உள்ளே இல்லை வெளியே இல்லை, பகல் இல்லை இரவு இல்லை, தரை இல்லை வானம் இல்லை, மனிதன் இல்லை மிருகம் இல்லை என்று பாகவதத்தில் வரும் பட்டியல் ஒரே நாளில் வந்ததல்ல. ஈரமும் இல்லாத, காய்ந்ததும் இல்லாத நுரையால், பகலும் இரவும் அல்லாத வேளையில் நமுசி என்ற அசுரனை இந்திரன் கொன்ற கதை, வேதத்தைச் சேர்ந்த பிராமணங்கள் என்ற பழைய நூல்களிலேயே உண்டு. அந்தப் பழைய சரட்டில் கோத்ததுதான் இதுவும். ஹரிவம்சத்தில் தூணே இல்லை. சிங்கம் சபைக்குள் தானாக வருகிறது. பிரகலாதன் அங்கே குழந்தை அல்ல, சபையில் உட்கார்ந்திருக்கும் வளர்ந்த வீரன். வந்திருப்பது யார் என்று முதலில் கண்டுகொண்டு அப்பாவை எச்சரிப்பவனும் அவன்தான். வட இந்தியாவில் ஹோலிப் பண்டிகைக்குச் சொல்லும் ஹோலிகா என்ற அத்தையும் பாகவதத்தில் கிடையாது, கம்பனிலும் கிடையாது.

நம் வீடுகளில் அந்த வரத்தின் ஒரு துண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. முகப்பைத் தாண்டி, நடுமுற்றம் இருக்கும் வளவுக்குள் போகும் பெரிய தேக்கு நிலையின் படியில் பிள்ளைகள் உட்கார்ந்தால் அப்பத்தா விட மாட்டார்: "நிலைப்படியில உக்காராதடா, இரணியனைக் கொன்ன இடம்." விளக்கு வைக்கிற நேரத்தில் சாப்பிடாதே, படுக்காதே என்பதற்கும் அதே காரணம். உள்ளும் அல்ல, புறமும் அல்ல என்றால் என்ன என்பதைச் செட்டிநாட்டு வீட்டில் கையால் தொட்டே பார்க்கலாம். அங்கே நிலையின் கனம் அவ்வளவு. 

அடுத்து திருக்கோட்டியூர். திருப்பத்தூரில் இருந்து சிவகங்கை போகும் சாலையில் இருக்கிறது. இரணியனுக்குப் பயந்த தேவர்கள் கூடிப் பேச ஓர் இடம் தேடினார்கள். மூவுலகமும் அவன் கையில். கதம்ப முனிவர் தவம் செய்த இந்த ஒரு இடத்துக்குள் மட்டும் அவனால் வர முடியாது. எனவே இங்கே கூடினார்கள். கோஷ்டி கூடிய ஊர் கோட்டியூர் ஆனது. கூட்டத்தில் முடிவானதுதான் நரசிம்ம அவதாரம். இராமானுஜர் பதினெட்டு முறை நடந்து வந்து மந்திரம் பெற்ற ஊர் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கும் முன்னால் இரணியனுக்கு எதிரான ஆலோசனை நடந்த ஊர் இது.

உள்ளே போனால் எல்லோரும் நேரே சௌமியநாராயணரைச் சேவித்துவிட்டு, அஷ்டாங்க விமானத்தில் படியேறி இறங்கிவிடுவார்கள். அவசரப்பட வேண்டாம். இரண்டு பெரிய நரசிம்மர் சிற்பங்கள் இருக்கின்றன: ஒன்று இரணியனைப் பிடித்த கோலம், இன்னொன்று வதம் செய்யும் கோலம். நம் ஊர்த் தூண்களில் எங்கே நரசிம்மர் சிற்பத்தைப் பார்த்தாலும் முதலில் இந்த இரண்டில் எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். பிடித்த கோலத்தில் இரணியன் நின்றுகொண்டு இருப்பான். இருவர் காலும் பின்னிக்கொண்டு மல்யுத்தம் போல இருக்கும். வதக் கோலத்தில் மடியில் மல்லாந்து கிடப்பான். தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் தொங்கும். அடுத்து இரணியனின் கையைப் பாருங்கள். வாளும் கேடயமும் இன்னும் கையில் இருக்கிறதா, நழுவிவிட்டதா? நல்ல ஸ்தபதி, மடியில் கிடக்கும்போதும் இரணியன் பிடியை விடாதபடி செதுக்குவார். பிறகு கிரீடம். கடைசியாக முகம். நரசிம்மரின் முகத்துக்கு எண்ணெய், சந்தனம், பூ எல்லாம் சாத்துகிறோம். கீழே இருக்கும் இரணியன் முகத்தில் அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து கண்ணும் மூக்கும் தெரியாமல் போய்விடுகிறது. நேரே நின்றால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் நின்று, சாய்ந்து விழுகிற வெளிச்சத்தில் பார்த்தால்தான் வாய் திறந்திருக்கிறதா, பல் கடித்திருக்கிறதா என்பது புரியும்.

இதே கோவிலில் விமானத்தின் வடபக்கம் இருக்கும் நரசிம்மர் அருகில் ராகுவும் கேதுவும் இருக்கிறார்கள். பெருமாள் கோவிலில் இது அபூர்வம். அங்கே நின்று ஓர் உறவை நினைத்துக்கொள்ளலாம். இரணியனுக்கும் கயாதுவுக்கும் நான்கு பிள்ளைகளோடு சிம்ஹிகை என்று ஒரு பெண்ணும் உண்டு. அவளை விப்ரசித்தி என்ற அசுரனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவர்கள் பெற்ற பிள்ளைதான் ராகு. அதாவது இரணியனின் மகள் வயிற்றுப் பேரன், தாத்தாவைக் கிழித்தவர் பக்கத்தில் நிற்கிறான். மகன் வழியில் பார்த்தால் பிரகலாதன், விரோசனன், மகாபலி, பாணாசுரன் என்று போகிறது. திருவோணத்தன்று மலையாள தேசமே வரவேற்கும் மகாபலிக்கு இரணியன் பாட்டனாரின் தகப்பன்.

திருக்கோட்டியூரைப் பாடிய பெரியாழ்வாரிடமே இரணியனைப் பற்றி ஓர் அருமையான இடம் இருக்கிறது. "அளந்திட்ட தூணை அவன் தட்ட" என்று தொடங்கும், குழந்தையைக் கைகொட்டச் சொல்லும் சப்பாணிப் பாசுரம். தூண் வேறு யாரோ நட்டது என்றால் உள்ளே சிங்கத்தை ஒளித்து வைத்திருந்தார்கள் என்ற பேச்சு வரும். அதனால் தானே அளந்து நட்ட தூணை, தன் கையாலேயே தட்டினான் என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். அதே பாசுரத்தில் "உளந்தொட்டு இரணியன் ஒண்மார்வகலம் பிளந்திட்ட" என்கிறார். உளந்தொட்டு என்ற அந்த ஒரு சொல்லை நிறுத்திப் படிக்க வேண்டும். கிழிப்பதற்கு முன்னால் அவன் உள்ளத்தைத் தொட்டுப் பார்த்தாராம், இப்போதாவது கொஞ்சம் மனசு மாறி இருக்கிறானா என்று. மார்பும் 'ஒண்மார்வு', ஒளியுள்ள மார்பு. சப்பாணி கொட்டும் குழந்தைப் பாட்டுக்குள் இவ்வளவு பரிவு இருக்கிறது.

மூன்றாவது ஊர் நாட்டரசன்கோட்டை, கம்பன் அடங்கிய இடம். சா. கணேசன் 1939ல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் விழா, பங்குனி அத்தத்தன்று இங்கேதான் நிறைவு பெறும். அந்தச் சமாதி மண்ணைக் குழந்தைகள் நாக்கில் வைக்கும் வழக்கமும் இந்தப் பக்கம் உண்டு. இரணியனுக்கும் இந்த இடத்துக்கும் என்ன சம்பந்தம்? வால்மீகி இராமாயணத்தில் இல்லாத இரணியன் வதைப் படலத்தை யுத்த காண்டத்தில் கொண்டுவந்து வைத்தவன் கம்பன். சீதையை விட்டுவிடு என்று இராவணனுக்குப் புத்தி சொல்லும்போது வீடணன் சொல்லும் கதையாக அது வருகிறது.

படலத்தின் ஆரம்பத்தில் கம்பன் காட்டும் இரணியன் அண்டத்துக்குள் அடங்காதவன். திசை யானைகளை இரண்டு கையிலும் பிடித்து மோதவிட்டு விளையாடுகிறான். ஏழு கடலும் அவனுக்குக் காலளவுதான். குளிக்கப் போகிற பாட்டு ஒன்று இருக்கிறது. ஆற்றுத் தண்ணீர் வண்டலும் கொஞ்சமும் என்று தொட மாட்டான். மேகத்துத் தண்ணீரில் குளிர்ச்சி இல்லை என்று அதில் குளிக்க மாட்டான். கடல் உப்பு என்று இறங்க மாட்டான். அண்டத்தின் மேலோட்டைத் துளைத்து, அதற்கு அப்பால் இருக்கும் நீரில் குளிப்பான். வில்லனை அறிமுகப்படுத்த இதைவிடப் பெரிய கற்பனை தமிழில் எனக்குத் தெரியாது.

"தூணிலும் இருப்பான் துரும்பிலும் இருப்பான்" என்று நாம் சொல்லும் பழமொழியைக் கம்பன் பாட்டு என்று மேடையில் சொல்கிறவர்கள் உண்டு. கம்பனில் துரும்பு கிடையாது. "சாணினும் உளன், ஓர் தன்மை அணுவினைச் சத கூறு இட்ட கோணினும் உளன்" என்று பிரகலாதன் தொடங்குகிறான். அணுவை நூறாகப் பிளந்தால் ஒரு துண்டு கோண், அதிலும் இருக்கிறான். மேருவிலும் இருக்கிறான், இந்தத் தூணிலும் இருக்கிறான், "நீ சொன்ன சொல்லினும் உளன்." இல்லை என்று சொன்ன அந்தச் சொல்லுக்குள்ளும் இருக்கிறான். இத்தனையும் கேட்ட இரணியன் முதலில் சொல்வது ஒரு வார்த்தை: "நன்று." அதற்குப் பிறகு தூணை அடிக்கிறான், திசை கிழியச் சிரிக்கிறது சிங்கம்.

சிங்கம் வந்துவிட்டது, அசுரப் படை அழிந்துவிட்டது. பிரகலாதன் அப்போதும் அப்பாவுக்காகக் கெஞ்சுகிறான்: வணங்கிவிடுங்கள், பிழையைப் பொறுப்பார். அதற்கு இரணியன் சொல்லும் பதிலுக்காகவே இந்தப் படலத்தைப் படிக்கலாம். இந்தச் சிங்கத்தின் தோளையும் தாளையும் வெட்டி, உன்னையும் வெட்டி, பிறகு என் வாளைத் தொழுவேனே தவிர, "வணங்குதல் மகளிர் ஊடல் நாளினும் உளதோ?" என்று அண்டங்கள் நடுங்கச் சிரிக்கிறான். மனைவி ஊடினாள் என்று பெண்களிடம்கூடத் தலை குனிந்ததில்லை, இவனிடமா குனிவேன் என்கிறான். தோற்கப் போகிறோம் என்று தெரிந்த நேரத்தில் வருகிற பேச்சு இது. 1934ல் பாரதிதாசன் இரணியனை இணையற்ற வீரனாக நாடக மேடையில் நிறுத்தினார். சமயம் வேறு, நோக்கம் வேறு, ஆனால் அந்த வீரத்தைக் குறைக்காமல் எழுதிவைக்கக் கம்பனுக்குப் பக்தி தடையாக இருக்கவில்லை.

படலத்தோடு புத்தகத்தை மூடிவிடுவது பலர் செய்யும் தவறு. அடுத்த படலத்தின் முதல் சில பாட்டுகளையும் சேர்த்துப் படித்தால்தான் கதை முடியும். இவ்வளவையும் கேட்ட இராவணன் வீடணனைப் பார்த்து, தந்தையின் மார்பை மாயவன் பிளந்தபோது மகிழ்ந்த அந்த மகனும், பகைவனோடு நட்புக் கொண்ட நீயும்தான் ஒன்று, உங்களுக்கு வேறு யார் நிகர் என்கிறான். ஒரே கதை, வீடணனுக்கு எச்சரிக்கை, இராவணனுக்குத் துரோகத்தின் சாட்சி. இரணியன் தரப்பு நியாயம் அங்கே இராவணன் வாயில் பேசுகிறது.

அதில் இன்னொரு அடுக்கு இருக்கிறது. வைகுண்ட வாயில் காவலர் சயனும் விசயனும் மூன்று முறை பிறந்ததில், முதல் பிறவி இரணியாட்சன், இரணியகசிபு. இரண்டாவது இராவணன், கும்பகருணன். அப்படிப் பார்த்தால் வீடணன் சொல்வது இராவணனின் போன பிறவிக் கதையை. கேட்கிறவனுக்கு அது தெரியவில்லை. விஷ்ணு கையால் செத்த பிறகும் இரணியனுக்கு ஏன் முத்தி இல்லை என்ற கேள்வியை விஷ்ணு புராணம் நாலாம் அம்சத்தில் நேராகவே எடுத்துக்கொள்கிறது. எதிரில் நின்றது விஷ்ணு என்று அவன் மனதில் படவில்லை, ஏதோ புண்ணியத்தால் பிறந்த அதிசயப் பிராணி என்று நினைத்துக்கொண்டே செத்தான். அதனால் மறுபடி பிறந்தான் என்கிறது.

அந்த விஷ்ணு புராணத்தின் முதல் அம்சத்தில், பிரகலாதன் கதை முடிகிற இடம் நம்மில் அநேகர் கேள்விப்படாதது. பிள்ளையை நாகபாசத்தில் கட்டிக் கடலில் போட்டு, மேலே மலைகளை அடுக்கியாயிற்று. விஷ்ணு அங்கே தோன்றி வரம் கேள் என்றபோது, என்னை வதைத்த பாவம் என் அப்பாவைச் சேரக் கூடாது என்று கேட்கிறான். வீட்டுக்குத் திரும்பி வந்து அப்பா காலில் விழுகிறான். இரணியன் அவனை எடுத்து, உச்சி முகர்ந்து, கட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு கேட்கிறான்: "உயிரோடு இருக்கிறாயா, குழந்தை?" செய்ததை நினைத்து வருந்தி அன்பாக இருக்கிறான், மகனும் பணிவிடை செய்துகொண்டு இருக்கிறான். நரசிம்மர் கையில் அவன் மாண்டதும் பிரகலாதன் பட்டத்துக்கு வந்ததும் அதற்குப் பிறகு ஒரே வாக்கியத்தில் வருகிறது. தூண் இல்லை, நிலைப்படி இல்லை, மடி இல்லை.

மூன்று ஊரையும் ஒரே நாளில் பார்க்க நினைக்கிறவர்களுக்கு: காலையில் முதலில் இரணியூர். அங்கிருந்து திருப்பத்தூர் வந்து திருக்கோட்டியூருக்குப் பதினோரு மணிக்குள் போய்விட வேண்டும். பகல் நடை சாத்திவிட்டால் பிறகு சாயந்திரம் நாலு மணி வாக்கில்தான் திறப்பார்கள், நாள் அதிலேயே போய்விடும். முதலில் திருக்கோட்டியூர், பிறகு இரணியூர் என்று போனால் கதை வரிசையில் வரும். ஆனால் நாட்டரசன்கோட்டைக்குத் திரும்பவும் தெற்கே வர வேண்டி இருக்கும், வண்டிக்கும் வயிற்றுக்கும் சிரமம். திருக்கோட்டியூரில் இருந்து அதே சாலையில் சிவகங்கை, மதியச் சாப்பாடு அங்கே முடித்துக்கொண்டு, வெயில் தாழ நாட்டரசன்கோட்டை. கையில் யுத்த காண்டம் பதம் பிரித்த பதிப்பாக இருக்கட்டும். பிரிக்காத பதிப்பில் புதிதாகப் படிப்பவர்களுக்கு மூச்சு எங்கே விடுவது என்று தெரியாமல் இரண்டாவது பாட்டிலேயே நின்றுவிடும். முழுப் படலமும் நூற்றுக்கு மேற்பட்ட பாட்டு, ஒரே உட்காரலில் முடியாது. குளிக்கிற பாட்டு, "சாணினும் உளன்", "வணங்குதல் மகளிர் ஊடல்", பிறகு இராவணன் பதில், இந்த நாலு இடத்துக்கும் வீட்டிலேயே சீட்டு வைத்துக்கொண்டு போய், விளக்கு வைக்கிற நேரத்தில் கம்பன் சமாதி முன்னால் உட்கார்ந்து வாய்விட்டுப் படியுங்கள்.